இரண்டு ரூபாக்கள்: சபரகமுவத் தோட்டங்களும் நாணய மாற்று வரலாறும் — ஒரு திறனாய்வு

சென்ற ஆண்டு பத்தாந் தர வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இந்தியாவின் ஒரு ரூபாவுக்கு நாம் மூன்றரை ரூபா கொடுக்க வேண்டுமாம். அப்படியென்றால் இரண்டையும் ரூபா என்று ஏன் சொல்கிறோம்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட நூலில் விடை இல்லாத கேள்விகளை மாணவர் கேட்கும்பொழுது ஆசிரியனுக்கு உண்டாகும் சங்கடமே எனக்கும் உண்டாயிற்று. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சமாளிப்பு மனத்தை உறுத்தியதன் பயனே இக்கட்டுரை.

இப்பொருள்பற்றி எங்கள் பக்கத்தில் இரு கருத்துகள் வழங்கி வருகின்றன. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் லயத்து வாசலில் அமர்ந்து பழங்கதை பேசும் முதியோர், “அந்தக் காலத்தில் நம் காசும் ஊர்க் காசும் ஒன்று. பிறகு நம் காசுதான் உசத்தி” என்பர். பழமையின் செழிப்புக்கு அதனையே சான்றாகவும் காட்டுவர். நூல் கற்ற இளைஞரோ வேறு விதமாகச் சொல்வர். வெள்ளியின் விலை வீழ்ந்ததால் தோட்டத் தொழிலாளியின் கூலி கொள்ளை போயிற்று என்பது அவர்கள் முடிபு. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. ஆயினும் இரண்டும் வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன என்பதே என் துணிபு.

முதலில் முதியோர் கூற்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் 1825ஆம் ஆண்டில் பவுணைக் கணக்கு நாணயமாக்கி, அதுவரை வழங்கிய இறைசால் என்னும் நாணயத்தை 1 சிலிங் 6 பென்ஸாக மதிப்பிட்டனர். ஏட்டில் பவுண், சிலிங், பென்ஸ் ஏறின. கடையிலும் கூலி மேசையிலும் ஓடியது வேறு காசு. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருகத் தென்னிந்தியாவிலிருந்து கூலியாட்கள் வந்தனர். அவர்கள் வேண்டியது தம் ஊரிற் செல்லக்கூடிய வெள்ளி. ஆகவே இந்திய ரூபா கப்பல் கப்பலாக வந்து இறங்கிற்று. 1836இல் அதனை நாட்டின் நாணயமென அரசு பறைசாற்றியது, ஏற்கெனவே நடந்துவிட்டதை ஒப்புக்கொண்டதேயன்றி வேறன்று. அப்பொழுதும் கணக்குப் புத்தகம் பவுணிலேயே எழுதப்பட்டது. ஒரு ரூபா 2 சிலிங் எனக் கற்பித்துக்கொண்டனர். 1869இல் இந்திய ரூபா வரம்பின்றிச் செல்லும் சட்ட நாணயமாயிற்று. 1872 சனவரி முதலாந் தேதி தொடக்கம் நூறு சதங் கொண்ட ரூபாவே இலங்கையின் கணக்கு நாணயமாயிற்று.

இங்கே ஒரு சிறு விந்தை உண்டு. ரூபா ஒன்றாயிருந்தும் சில்லறை ஒன்றாயில்லை. கடலுக்கு அப்பால் ரூபாவுக்குப் பதினாறு அணா. இப்பால் நூறு சதம். ஓர் அணா ஆறேகாற் சதமாகும். அந்தக் காற் சதத்துக்கும் இலங்கையில் ஒரு காலத்தில் செப்புக் காசு வழங்கியது. இந்தியா 1957 ஏப்ரலில் நூறு பைசாவுக்கு மாறும் வரையில், ஊருக்குப் போய் வந்த ஒவ்வொரு தொழிலாளியும் அணாவைச் சதமாக்கும் இந்தக் கணக்கை மனத்திலேயே செய்துகொண்டான். பள்ளிக்கூடம் காணாதவர்கள் என்று நாம் இரங்கும் அம்மக்கள், நம் மாணவர் பலருக்கு இன்று தாள் இல்லாமல் வராத பின்னக் கணக்கை நாவிலேயே வைத்திருந்தனர்.

ரூபாவுக்கு ரூபா என்னும் இச்சமநிலை யாருக்கு உதவிற்று? முதியோர் இதனை ஒருபொழுதும் கேட்பதில்லை. திருச்சிராப்பள்ளியிலோ சேலத்திலோ கங்காணி முன்பணமாகக் கொடுத்த இந்திய ரூபா, இலங்கைத் தோட்டத்தின் பேரேட்டில் அதே இலக்கத்தோடு கடனாக ஏறியது. கடலைத் தாண்டியும் கடன் ஒரு பையும் தேயவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு ஆளை மாற்றிய துண்டு முறையில், அந்த இலக்கமே ஆளின் விலையாயிற்று. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை நிலைத்தது. செட்டியார் உண்டியலுக்கும் வட்டிக்கும் இச்சமநிலை வசதியாயிருந்தது. தொழிலாளிக்கும் பயன் இல்லாமற் போகவில்லை. அவன் தாய்க்கு அனுப்பிய ஐந்து ரூபா ஐந்து ரூபாவாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் அனுப்பியதைவிடக் கட்டியதே மிகுதி. ஒரே நாணயம் என்பது ஆட்சேர்ப்பின் வசதிக்கு அமைந்த ஏற்பாடு. அதனை உறவின் அடையாளமாகப் போற்றுவது பின்னாளின் ஏக்கம்.

இனி, வெள்ளி வீழ்ச்சி பற்றிய இளைஞர் கருத்து. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 சிலிங் பெற்ற ரூபா, 1890களின் தொடக்கத்தில் 1 சிலிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. செருமனி தங்க நாணயத்துக்கு மாறியதும், அமெரிக்காவில் புதிய சுரங்கங்கள் திறந்ததும், உலகச் சந்தையில் வெள்ளி மலிந்ததும் காரணங்கள். தேயிலை விற்றது இலண்டனில், பவுணுக்கு. கூலி கொடுத்தது தோட்டத்தில், ரூபாவுக்கு. ஒரு பவுண் தேயிலை விற்ற துரைக்கு முன்னர்ப் பத்து ரூபா வந்தது. வீழ்ச்சிக்குப் பின் பதினாறு ரூபா வந்தது. அக்காலத்தில் ஆண்கூலி நாளொன்றுக்குச் சுமார் 33 சதம். பத்து ரூபாவுக்கு முப்பது பேர் போடலாம். பதினாறு ரூபாவுக்கு நாற்பத்தெட்டுப் பேர் போடலாம். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை என்பதை வெளியூர் வாசகருக்காகச் சொல்லி வைக்கிறேன். கோப்பி இலைநோயால் அழிந்த மலைகளில் தேயிலை இத்துணை விரைவாக எழுந்ததற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமல்ல; இந்தப் பதினெட்டுப் பேரும் காரணம்.

இதனைக் கொள்ளை என்று சொல்லலாமா? சொல்லுமுன் அரிசியைப் பார்க்கவேண்டும். தொழிலாளியின் கூலியில் பெரும்பகுதி தோட்டம் கொடுத்த அரிசிக்கே கழிந்தது. அவ்வரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது, அங்கும் ரூபாவே. ஆகவே பவுணுக்கெதிராக ரூபா சரிந்தபொழுது, அவன் சோற்றின் விலை அச்சரிவினால் மட்டும் அதே அளவில் உடனே ஏறவில்லை. இழந்தான் என்பதைவிட, வந்த ஆதாயத்தில் அவனுக்குப் பங்கு இல்லை என்பதே பொருந்தும். இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. முன்னையது திருட்டு, பின்னையது பாகப்பிரிவினையில் பெயர் விடுபடுதல். நம் இளைஞர் முன்னையதைச் சொல்வதால் எதிர்வாதம் செய்வோர் அரிசி விலையைக் காட்டி எளிதில் தப்பிவிடுகின்றனர். பின்னையதைச் சொன்னால் அவர்கள் தப்ப வழியில்லை.

1893 யூனில் இந்திய அரசு தன் நாணயச்சாலைகளில் பொதுமக்களின் வெள்ளியை ரூபாவாக அடிப்பதை நிறுத்தியது. 1898 அளவில் ரூபா 1 சிலிங் 4 பென்ஸில் நிலைகொண்டது. முதல் உலகப் போரின் முடிவில் 2 சிலிங்குக்கும் மேலே பாய்ந்து, பின் தலைகுப்புற வீழ்ந்து, 1927இல் 1 சிலிங் 6 பென்ஸில் நிறுத்தப்பட்டது. நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் இறைசாலுக்கு இட்ட மதிப்பும் இதுவே என்பது நாணய தேவதையின் விளையாட்டுப் போலும். இம்முடிவுகளில் ஒன்றேனும் கொழும்பில் எடுக்கப்பட்டதன்று. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபின் இலங்கை அரசு தானே தாட்காசு வெளியிட்டதாயினும், அத்தாளுக்குப் பின்னால் நின்றது இந்திய ரூபாவே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் ஆண்களுக்கு 50 முதல் 54 சதம் வரை கூலி வகுக்கப்பட்டது. பள்ளத்தாக்குத் தோட்டங்கள் மிகுந்த எங்கள் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளுக்குக் கீழ்ப்படிகளே பெரிதும் வாய்த்தன. அந்த ஐம்பது சதத்துக்கு உலகில் என்ன மதிப்பு என்பதை வகுத்தது இலண்டனும் தில்லியும்.

இக்கால வரலாற்றை விரிவாக ஆராய்ந்த நூல்களுள் எச். ஏ. த எஸ். குணசேகரவின் ஆங்கில நூல் தலையானது. 1962இல் வெளிவந்த அது 1825 முதல் 1957 வரையான காலத்தை எடுத்துக்கொள்கிறது. சார்பு நாணயத்திலிருந்து மத்திய வங்கிக்கு என்னும் அதன் பெயரே வாதத்தையும் உணர்த்திவிடுகிறது. பொருளியலாளர் என்ற முறையில் அவர் வங்கியை நோக்கினார். அது அவருக்குரிய துறை. 1957இல் முடியும் நூல் 1966ஐப் பேசவில்லை என்று குறை கூறுதலும் முறையன்று. குறை அவருக்குப் பின் வந்தோருடையது. ஒருபுறம் மலையக மக்கள் வரலாறு எழுதியோர் குடியுரிமையை எழுதினர். எத்தனை இலட்சம் தலைகள் எந்தக் கரைக்கு என்று எண்ணினர். மறுபுறம் நாணய வரலாறு எழுதியோர் ஏற்றுமதியையும் கையிருப்பையும் எழுதினர். எண்ணப்பட்ட அத்தலைகள் ஒவ்வொன்றும் மடியில் ஒரு முடிச்சுக் காசோடு சென்றதை இரு சாராரும் காணவில்லை. மலையகச் சிறுகதை, நாவல் பற்றிய நம் திறனாய்வுகளும் இதற்கு விலக்கல்ல. பிரிவின் கண்ணீரை விரிவாகப் பேசிவிட்டு முடிச்சை அவிழ்க்காமலே விட்டுவிடுகின்றன.

அம்முடிச்சை இங்கே அவிழ்ப்போம்.

1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்படி 1950 ஓகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கப்பெற்றது. இலங்கை ரூபா இந்திய ரூபாவோடு கொண்டிருந்த சட்டப் பிணைப்பு அறுந்தது. ஆயினும் இரண்டுமே டொலருக்கு 4 ரூபா 76 சதம் என்ற அளவில் நின்றமையால் சமநிலை நீடித்தது. தாலி அறுந்தும் ஒரே வீட்டில் வாழ்ந்தது போன்ற நிலை அது. பதினாறு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1966 யூன் 6இல் இந்தியா தன் ரூபாவைத் தாழ்த்தி டொலருக்கு 7.50 ஆக்கியது. இந்தியா தங்களுக்கென 1959 முதல் அச்சிட்டுக் கொடுத்த ரூபாவைப் பயன்படுத்திய வளைகுடா நாடுகளில் எஞ்சியிருந்தவையும் அவ்வதிர்ச்சிக்குப் பின் அதனைக் கைவிட்டன. இலங்கை அன்று அசையவில்லை. ஆகவே 100 இலங்கை ரூபா ஒரே இரவில் 157½ இந்திய ரூபா ஆயிற்று. முதியோர் கூறும் ‘நம் காசு உசத்தி’ பிறந்த நாள் அதுவே. அன்று இலங்கையில் ஒரு மூட்டை நெல்லோ ஒரு இறாத்தல் தேயிலையோ கூடுதலாக விளையவில்லை. அயலவன் படி இறங்கினான். நாம் நின்ற படியிலேயே நின்றோம். 1967 நவம்பரில் பவுண் தாழ்ந்ததைத் தொடர்ந்து இலங்கையும் இறங்கி டொலருக்கு 5.95 என்றாக்கவே, 100 ரூபா 126 இந்திய ரூபாவாகச் சுருங்கியது.

இப்பொழுது 1964 ஒக்டோபர் 30ஆம் நாளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்னும் எண்கள் நம் மாணவர்க்கு மனப்பாடம். அதே ஒப்பந்தத்தில் இன்னோர் எண்ணும் உண்டு. நாடு செல்வோர் ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துகளைக் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்பது அது. கையெழுத்தான நாளில் அது எந்த நாட்டு ரூபா என்று கேட்க அவசியம் இருக்கவில்லை, இரண்டும் ஒன்று. இரண்டு ஆண்டுக்குள் அக்கேள்வி எழுந்துவிட்டது. இலங்கைக் காசாக 4,000 ரூபாவைக் கொண்டால், 1966 யூனுக்குப் பின் அது 6,300 இந்திய ரூபா. 1967 நவம்பருக்குப் பின் ஏறத்தாழ 5,040. 1968 மே மாதத்தில் வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை புகுந்து, பல கொடுக்கல் வாங்கல்களுக்கு வேறொரு வீதத்தையும் ஏற்படுத்தியது. 1977 நவம்பரில் அம்முறை நீக்கப்பெற்று, ஒரே வீதமாக டொலருக்கு 16 ரூபா என்றானபொழுது, அதே 4,000 ரூபா 2,200 இந்திய ரூபாவுக்கும் குறைந்தது. ஒப்பந்தம் மாறவில்லை, எழுத்து மாறவில்லை, 6,300 என்றிருந்தது மூன்றிலொரு பங்கை நெருங்கிவிட்டது.

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதற்கு என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பாட்டியாருக்குத் தமையன்மார் இருவர். எட்டியாந்தோட்டைக்கு அருகே றப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர்கள். மூத்தவர் 1968ஆம் ஆண்டின் முற்பகுதியில் இந்தியக் கடவுச்சீட்டோடு சென்றார். இளையவர் 1978இல் தலைமன்னாரிற் கப்பலேறினார். இருவரும் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறினர். இளையவர் பத்து ஆண்டு கூடுதலாக உழைத்தவர், சேமலாப நிதியிலும் சர்வீஸ் காசிலும் அவருக்கு மூத்தவரைவிடப் பெருந்தொகை கிடைத்ததை இங்கே எல்லாரும் அறிவர், கடிதத்திலும் எழுதியிருந்தனர். அக்கரையில் அவர் கையில் எண்ணியது மூத்தவர் கொண்டுவந்ததைக் காட்டிலும் குறைவு. “மிச்சத்தை எங்கே வைத்தாய்?” என்று மூத்தவர் கேட்டார். இடையில் யாரோ எடுத்துக்கொண்டார் என்று இளையவர் நம்பினார். மாற்றித் தந்த எழுத்தரை ஆயுள் முழுவதும் வைதார். மூத்தவர் அதனை நம்பவில்லை. மகள் கலியாணத்துக்குத் தனியே பதுக்கிவிட்டான் என்பது அவர் எண்ணம். ஒரு மலைச்சரிவின் இரு பக்கத்தில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் இறக்கும்வரை ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கூடலூருக்குச் சென்றபொழுது, மூத்தவரின் மகனாகிய மாமா அவ்விரு தொகைகளையும் நினைவிலிருந்து சொன்னார். ஒரு தாளில் 1968ஆம் ஆண்டின் வீதத்தையும் 1978ஆம் ஆண்டின் வீதத்தையும் எழுதிப் பெருக்கிக் காட்டினேன். ஐம்பது, நூறு ரூபா வித்தியாசத்துக்குள் கணக்கு நேராயிற்று. யாரும் எடுக்கவில்லை, யாரும் ஒளிக்கவில்லை. மாமா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டலாமா?” என்று கேட்டார். மறுநாள் இருவருமாக நடந்து போனோம்.

மாற்று வீதத்தால் வாங்கும் ஆற்றலை அளக்கலாகாது என்று பொருளியல் கற்ற நண்பர் ஒருவர் இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துத் தடுத்துரைத்தார். பொதுவில் அவர் கூற்று சரி. உள்ளூரில் உண்டு உடுத்து வாழ்பவனுக்கு அந்நிய நாணயத்தின் வீதம் நேரடியாக உறைப்பதில்லை. ஆனால் நாடு கடக்கும் ஒருவனுக்கு, கடக்கும் அந்த ஒரு நாளில், வீதமே வாங்கும் ஆற்றல். வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் மாற்றும்படி நேர்ந்தவர்களைப் பற்றியதே நம் பேச்சு. வணிகன் காத்திருந்து மாற்றுவான். வங்கி பாதியை இன்றும் பாதியை நாளையும் மாற்றும். இவர்களுக்கு அனுமதிச் சீட்டில் இட்ட தேதியே வீதம்.

மாணவன் கேள்விக்கு வருகிறேன். 2022இன் தொடக்கத்தில் இந்திய ரூபா ஒன்றுக்கு ஏறத்தாழ 2 ரூபா 70 சதம் கொடுத்தோம். அவ்வாண்டு மே மாதத்தில் 4 ரூபா 60 சதத்துக்கும் மேல் கொடுத்தோம். பின்னர் அது மூன்றரையை அண்டி இறங்கிற்று. இதைத் தோட்டச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபொழுது அது ஏறத்தாழ 370 இந்திய ரூபா. 2022 மே மாதத்தில் அதே 1,000 ரூபா 215 அளவுக்கு இறங்கியது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆயிற்று; அன்றைய வீதத்தில் அதுவும் ஏறத்தாழ 370 இந்திய ரூபாவே. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் பெரட்டுக் களத்தில் அந்த 350 ரூபா உயர்வைப் பலர் வெற்றியென்றனர், சிலர் போதாதென்றனர். லயத்துக் கடையில் தொங்கும் செத்தல் மிளகாயும், சாக்கில் நிற்கும் பெரிய வெங்காயமும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. அவற்றின் விலையை எழுதிய பலகையில் இருப்பது இலங்கை ரூபாதான். ஆனால் அவ்விலை பிறப்பது மற்றை ரூபாவில். அடுத்த தவணையில் அம்மாணவனுக்கு இந்தப் பலகையிலிருந்தே பாடத்தைத் தொடங்குவதாக இருக்கிறேன்.